பொன் மீனைக் கடலில் விட்டவர்

தங்கத்தால் ஆன ஒரு மீன். உடம்பெல்லாம் நவமணிகள். பல நாள் பட்டினி கிடந்தவருடைய வலையில் அந்த மீன் வந்து விழுகிறது. அதைத் திரும்பவும் கடலில் விட யாருக்காவது மனம் வருமா?

ஒருவருக்கு வந்தது. அவர் நாடாண்ட மன்னர் அல்லர். ஏடு படித்த பண்டிதரும் அல்லர். கடலில் வலை வீசிப் பிழைத்த பரதவர். அவர் பெயர் அதிபத்தர். சிவனடியார்கள் அறுபத்து மூவரில் அவரும் ஒருவர்.

சிவாலயங்களின் பிராகாரத்தில் அறுபத்து மூவர் சிலைகள் வரிசையாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் அரசர்கள் உண்டு, அந்தணர்கள் உண்டு, வணிகர்கள் உண்டு. குயவர், வண்ணார், வேடர் என்று உழைத்து உண்டவர்களும் உண்டு. அவர்களோடு கடற்கரைக் குப்பத்திலிருந்து போய் நிற்பவர் அதிபத்தர்.

நாகைக் கடற்கரை

தஞ்சையிலிருந்து கிழக்கே சுமார் 50 மைல் போனால் நாகப்பட்டினம். குடகு மலையில் பிறக்கும் காவிரி, தஞ்சைச் சீமையில் பல கிளைகளாகப் பிரிந்து, நெல் வயல்களை எல்லாம் நனைத்துவிட்டு, இந்தக் கிழக்குக் கரையில்தான் கடலோடு கலக்கிறது. வயல் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. வயலில் இருப்பவனுக்கு ஏர். மணலில் இருப்பவனுக்கு வலை.

நாகை மிகப் பழைய துறைமுகம். கடல் கடந்த நாடுகளிலிருந்து கப்பல்கள் வந்து நின்ற ஊர். முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில், 1006-ம் ஆண்டை ஒட்டி, கிழக்குத் தீவுகளை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் இங்கே ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னர் மானியமாகக் கொடுத்தார்.

அதிபத்தர் அதற்கும் முற்பட்டவர். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று கருதப்படும் சுந்தரர், தாம் வணங்கும் அடியார்களை வரிசையாகப் போற்றிய திருத்தொண்டத் தொகையில் அதிபத்தரின் பெயரையும் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின் நம்பியாண்டார் நம்பி பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், பெரிய புராணத்தில் அவருடைய வரலாற்றை விரிவாக எழுதினார். நாம் இன்று அறிந்திருப்பது சேக்கிழார் சொன்ன வரலாறுதான்.

நாகையின் கடலோரத்தில் நுளைப்பாடி என்று ஒரு குப்பம். மீன் பிடிக்கும் மக்களுக்கு நுளையர் என்றும் பரதவர் என்றும் பெயர். நுளையர் வாழும் பாடி நுளைப்பாடி. அந்தப் பாடிக்குத் தலைவராக இருந்தவர் அதிபத்தர்.

தலைவர் என்றால் அவரும் தொழிலாளிதான். ஆட்களோடு கடலுக்குப் போவார். வலை இழுப்பார். கரையில் மீன் மலைபோல் குவியும். வாங்குவதற்கு வியாபாரிகள் வருவார்கள். அவருக்குச் செல்வம் இருந்தது, சுற்றமும் இருந்தது.

முடிச்சில் நிற்கும் பிழைப்பு

மீனவருடைய வாழ்வு எதில் நிற்கிறது? கடலில் என்பார்கள். காற்றில் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அவருடைய கைக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. அது முடிச்சு.

இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஓடிய கட்டுமரத்தைப் பாருங்கள். அதன் பெயரே அதன் கதையைச் சொல்கிறது. இலேசான சில மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டு. அந்தக் கட்டு நெகிழ்ந்தால் நடுக்கடலில் மரம் பிரியும். ஆள் தண்ணீரில் விழுவான்.

வலையும் முடிச்சுதான். ஒரு வலையில் ஆயிரக்கணக்கான கண்கள். ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு. வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, மேல் கண்ணின் வளைவுக்குள் கீழிருந்து நூலை நுழைப்பார்கள். அந்த வளைவின் பின்புறமாகச் சுற்றி, தன் நூலுக்கே அடியில் மாட்டி இழுப்பார்கள். முடிச்சு விழுந்துவிடும். மீன் முட்ட முட்ட அந்த முடிச்சு இறுகுமே தவிர நழுவாது. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு மீன் போனால் பின்னால் பத்து மீன் போகும்.

இது உலகம் முழுவதும் உள்ள பழமையான வித்தை. வடக்கே பின்லாந்து நாட்டில் அப்போது இருந்த ஆன்ட்ரியா என்னும் ஊரில், 1913-ம் ஆண்டு, நிலத்தைத் தோண்டியபோது மரப்பட்டை நாரால் முடிந்த மீன் வலை ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் பத்தாயிரம் ஆண்டு! மனிதன் நெல் விளைக்கப் பழகிய காலத்திலேயே வலை முடியவும் அறிந்திருந்தான்.

ஒரு கயிற்றில் பல முள்

வலையை விடத் தூண்டிலில் முடிச்சுக்கு இன்னும் அதிக வேலை உண்டு. வலையில் ஒரு முடிச்சு போனால் இன்னொன்று தாங்கும். தூண்டிலில் ஒரு முடிச்சு போனால் மீனும் போயிற்று, முள்ளும் போயிற்று.

ஒரு கயிற்றில் ஒரே முள் இருந்தால் ஒரு மீன்தான் கிடைக்கும். அதனால் ஒரு நீளக் கயிற்றில் இடைவெளி விட்டுப் பல கிளைக் கயிறுகளைக் கட்டி, ஒவ்வொரு கிளையிலும் ஒரு முள்ளைக் கட்டுவது கடல் தொழிலில் வழக்கம். நூற்றுக்கணக்கான முட்கள் உள்ள தூண்டில்களும் உண்டு.

இந்த யோசனை நம் கரைக்கு மட்டும் சொந்தம் அல்ல. ஆற்று மீன் பிடிக்கும் மேல்நாட்டார், பறவை இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி, ஈ போலத் தோன்றும்படி செய்வார்கள். ஈ என்று நினைத்து மீன் கவ்வும். ஒரே நரம்பில் இப்படி இரண்டு மூன்று பொய் ஈக்களைக் கிளையாகக் கட்டுவதும் உண்டு. 1496-ம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலில் பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. மயிரிழைகளை இணைப்பதற்கு நீர்முடிச்சு என்னும் முடிச்சையும் அந்த நூல் குறிப்பிடுகிறது.

நழுவாத கிளையை எப்படிக் கட்டுவது? வீட்டில் இரண்டு துண்டு நரம்பு இருந்தால் செய்து பார்க்கலாம்.

மேல் நரம்பின் நுனியையும் கீழ் நரம்பின் தலைப்பையும் எதிர் எதிராக வைத்து, ஒரு முழ நீளத்துக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்தை ஒரே வளையமாக வளைக்க வேண்டும். மேல் நரம்பின் நுனியையும், கீழ் நரம்பு முழுவதையும் ஒன்றாக அந்த வளையத்துக்குள் மூன்று தடவை நுழைக்க வேண்டும். பிறகு முடிச்சைத் தண்ணீரில் நனைத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக, மெதுவாக இழுக்க வேண்டும்.

இப்போது முடிச்சிலிருந்து இரண்டு சிறு நுனிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழ்நோக்கி நிற்பது மேல் நரம்பின் நுனி. அதை ஒரு சாண் விட்டு, அதில் இரண்டாவது முள்ளைக் கட்ட வேண்டும். மேல்நோக்கி நிற்பதை நறுக்கிவிடலாம். ஏன் அப்படி? கிளையில் மாட்டிய மீன் இழுக்கும்போது, அந்தப் பாரம் மேல் நரம்பிலேயே நேராக இறங்கும். முடிச்சைப் பிய்க்காது.

நனைப்பதை மறக்கக்கூடாது. நைலான் நரம்பைக் காய்ந்தபடி இழுத்தால் உரசலில் சூடேறி அதன் வலு குறையும். இன்னொரு கணக்கும் உண்டு. கிளையின் நீளம், இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். மிஞ்சினால் பக்கத்துக் கிளையோடு சிக்கிக்கொள்ளும். எல்லாம் ஆனபின் கையால் ஒரு தடவை வெட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அவிழ்வதாக இருந்தால் கரையிலேயே அவிழட்டும்.

பழைய நாளில் நைலான் இல்லை. பருத்தி நூலும் நாரும்தான். உப்புத் தண்ணீரில் மக்காமல் இருக்க அதை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவார்கள். நைலான் வந்தபின் வலை மக்கவில்லை. ஆனால் நைலான் வழுக்கும். ஒரு சுற்றுப் போட்ட இடத்தில் இரண்டு சுற்றுப் போட வேண்டி வந்தது. பொருள் மாறியது, முடிச்சின் கவலை மாறவில்லை.

கைக்கு வந்ததை நழுவ விடக்கூடாது! கட்டுமரத்தின் கட்டும், வலையின் முடிச்சும், தூண்டிலின் கிளையும் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான். அப்படிப்பட்ட தொழிலில் பிறந்து, அதில் தலைவராக இருந்த ஒருவர், கைக்கு வந்ததைத் தாமே விட்டார் என்பதுதான் அதிபத்தரின் கதை.

முதல் மீன்

அதிபத்தருக்குச் சிவபெருமானிடம் அளவில்லாத அன்பு. ஆனால் அவரால் பூப்பறித்து அர்ச்சனை செய்துகொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. விடிவதற்கு முன் கடலுக்குப் போக வேண்டியவர். பாட்டுப் பாடி வணங்கியதாகவும் வரலாறு இல்லை. அவரிடம் இருந்தது மீன். ஆகவே மீனையே கொடுத்தார்.

வலையில் விழும் மீன்களில் முதல் மீன் இறைவனுக்கு. அதை இறைவன் பெயரைச் சொல்லிக் கடலிலேயே விட்டுவிடுவார். மிச்சம்தான் தமக்கும் தம்மைச் சேர்ந்தவர்களுக்கும்.

உழவன் முதல் கதிரைக் கோயிலுக்குக் கொடுக்கிறான். பசு கன்று போட்டால் முதற்பாலைச் சாமிக்கு ஊற்றுகிறார்கள். நுளைப்பாடித் தலைவர் முதல் மீனைக் கொடுத்தார். உழவன் கொடுத்த கதிர் கோயிலில் கண்ணுக்குத் தெரியும். அதிபத்தர் கொடுத்த மீன் அலைக்குள் போய் மறைந்துவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை. எண்ணிக் கணக்கு வைப்பாரும் இல்லை. அவருக்கும் இறைவனுக்கும் நடுவே உள்ள கணக்கு அது.

நூறு மீன் விழும் நாளில் ஒன்றை விடுவது பெரிய காரியமா? அல்ல. அது எல்லாராலும் முடியும். விரதத்தைச் சோதிக்க இல்லாமை வர வேண்டும். வந்தது.

ஒரே ஒரு மீன்

ஒரு நாள் வலையை இழுத்தார்கள். அதில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது. அதிபத்தர் யோசிக்கவில்லை. முதல் மீன் இறைவனுடையது. கடலில் விட்டார். வெறுங்கையோடு கரை வந்தார்.

மறுநாளும் ஒரே மீன். அதையும் விட்டார். மூன்றாம் நாளும் அப்படியே. நாட்கள் வளர்ந்தன. கடல் என்னவோ கணக்கு வைத்ததுபோல், ஒவ்வொரு நாளும் ஒன்றே ஒன்றைத்தான் கொடுத்தது. ஒன்றும் இல்லை என்றால்கூட மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கையில் ஒரு மீன் துடிக்கும்போது, வீட்டில் பசி இருக்கும்போது, அதை விடுவதுதான் கஷ்டம்.

வீட்டில் இருந்த செல்வம் கரைந்தது. வியாபாரிகள் வருவது நின்றது. சுற்றத்தார் பசியால் வாடினார்கள். அதிபத்தரும் உணவில்லாமல் உடல் மெலிந்தார்.

இந்த ஒரு மீனை விற்றுக் கொஞ்சம் அரிசி வாங்கலாமே என்று நினைக்க நியாயம் இருந்தது. நாளைக்குச் சேர்த்து இரண்டாகக் கொடுக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. அந்த வழிகளில் அவர் போகவில்லை. தொழிலையும் விடவில்லை. மெலிந்த உடம்போடு நாள்தோறும் கடலுக்குப் போனார். நாள்தோறும் ஒரு மீனை இறைவனுக்கு விட்டார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. மகிழ்ச்சியே இருந்தது என்று சேக்கிழார் சொல்கிறார்.

வலையில் வந்த பொன்

இப்படி இருக்கையில் ஒரு நாள் அந்த ஒரு மீனும் விழவில்லை. அதற்குப் பதிலாக விழுந்தது வேறொன்று.

ஆட்கள் வலையை இழுத்தார்கள். கண்கள் கூசின. சூரியனே வலைக்குள் வந்துவிட்டதுபோல் ஓர் ஒளி. பார்த்தால் பொன்னால் ஆன மீன்! அதன் உறுப்புகள் எல்லாம் மணிகள் பதித்தவை. உலகத்தையே விலை பேசலாம். ஆட்கள் ஆச்சரியத்தோடு தலைவரிடம் ஒரு மீன் கிடைத்தது என்று சொன்னார்கள்.

அதிபத்தரின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். மீன் என்று சொன்னார்கள் அல்லவா? அப்படியானால் அது மீன்தான். இன்றைக்கு விழுந்த முதல் மீன் அது. முதல் மீன் யாருடையது?

அந்தப் பொன் மீனுக்கு விலை போட்டுப் பாருங்கள். நுளைப்பாடியின் பசி ஒரே நாளில் தீரும். அதிபத்தரின் பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் போதும். மறுநாளிலிருந்து இறைவனுக்கு நூறு மீன்கூடக் கொடுக்கலாம்.

அவர் விலை போடவில்லை. நேற்று விட்ட சாதாரண மீன் எப்படியோ, இன்று கிடைத்த பொன் மீனும் அப்படியே. இறைவனை நினைத்தார். அதை அலையில் விட்டார். பொன் மீன் தண்ணீருக்குள் மறைந்தது.

அப்போது வானத்தில் சிவபெருமான் விடைமேல் காட்சி கொடுத்தார். பூமாரி பொழிந்தது. அதிபத்தர் கைகளைத் தலைமேல் குவித்து வணங்கினார். இறைவன் அவரைத் தம் அடியார்களோடு இருக்கும்படி சிவலோகத்தில் சேர்த்துக்கொண்டார். இதுவே பெரிய புராணம் கூறும் முடிவு.

அதிபத்தர் விட்டதால் வலை கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. முடிச்சுகள் தம் வேலையைச் செய்தன. பொன் மீனைக்கூட நழுவ விடவில்லை. கரை வரை பத்திரமாகக் கொண்டுவந்தன. விட்டது வலை அல்ல, மனம். நழுவிப் போனதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அவர் போட்டுக்கொண்ட விரதமும் ஒரு முடிச்சுதான். நல்ல முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். வறுமை இழுத்தது, பொன் இழுத்தது. அது நெகிழவில்லை.

இன்றும் விடும் மீன்

ஆவணி மாதம் ஆயில்ய நட்சத்திரம் அதிபத்தரின் குருபூஜை நாள். நாகையில் காயாரோகணசுவாமி, நீலாயதாட்சி அம்மன் கோயிலைச் சார்ந்து அந்த விழா நடக்கிறது. மீனவ மக்கள் படகில் கடலுக்குப் போய்ப் பொன் மீனைக் கடலில் விடுகிறார்கள். தங்கள் குலத்தில் பிறந்தவர் செய்த காரியத்தைத் தாங்களும் ஒருமுறை செய்து பார்க்கிறார்கள்.

அந்தக் கரை சுகத்தை மட்டும் கண்ட கரை அல்ல. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலையில் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மிக அதிகமாக அடிபட்ட கரை அதுதான். வலைகள் போயின, படகுகள் போயின, பிள்ளைகள் போனார்கள். அதன்பின்பும் அந்த மக்கள் கடலுக்குத்தான் திரும்பினார்கள். கட்டுமரம் இருந்த இடத்தில் பைபர் படகுகள் வந்தன. வலை முடியும் கைகள் மாறவில்லை.

கடலுக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கத்துக்கு இன்று வேறு ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் இழுவலை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு முதல் தடை உண்டு. முதலில் 45 நாளாக இருந்த தடை, 2017-ம் ஆண்டு 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும். வருமானம் இல்லாத நாட்கள்தான். அந்த நாட்களில் படகுக்காரர்கள் வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, அறுந்த கண்களைப் புதிதாக முடிந்துகொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு விட்டது நாளைக்கு வலையில் வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. அதிபத்தர் அந்த நம்பிக்கையைக்கூட எதிர்பார்த்து விடவில்லை. முதல் மீன் தம்முடையது அல்ல என்று ஒரு நாள் சொன்னார். பசித்த நாளிலும், பொன் விழுந்த நாளிலும், அந்தச் சொல்லை மாற்றவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்காகத்தான் நுளைப்பாடிப் பரதவர், மன்னர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்.